பூவை மட்டும் பார்த்துச் செடி வாங்காதீர்கள்

வண்ணத்துப்பூச்சிகளுக்காகத் தோட்டம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் நாற்றுப்பண்ணையில் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கும் செடிகளையே வாங்கி வருகிறார்கள். இட்லிப்பூவைத் தேடி அவை வரும் என்பது உண்மைதான். ஆனால் தேனருந்த வருபவை அருந்தியதும் போய்விடும். அவை நம் தோட்டத்திலேயே பெருக வேண்டுமானால் புழுக்களுக்கு இலை வேண்டும், அதுவும் அந்தந்த இனத்துக்கு உரிய இலையே வேண்டும். ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலும் தேன்செடிகளோடு புழுக்களுக்கான செடிகளையும் சேர்த்தே வளர்க்கிறார்கள்.

பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் கறிவேப்பிலையிலிருந்தே தொடங்கலாம். அதன் தளிரில் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. இளம்புழு பறவையின் எச்சம்போல இலையில் ஒட்டிக்கிடக்கும்; வளர்ந்ததும் பச்சையாகி, சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவ உறுப்பை நீட்டி நாற்றம் பரப்பும். அதைக் கண்டதும் மருந்தடித்துவிட்டு, மாடிக்குப் பட்டாம்பூச்சியே வருவதில்லை என்று வருந்துபவர்கள் என் நட்பு வட்டத்திலேயே இருக்கிறார்கள் (கோபித்துக்கொள்ள வேண்டாம்). குழம்புக்கு ஒரு செடி, புழுவுக்கு ஒரு செடி என்று வைத்துக்கொண்டால் வழக்கு முடிந்தது.

அதனருகே ஆடுதீண்டாப்பாளையும் இருந்தால் இன்னும் சுவை கூடும். அதைத் தின்று வளரும் ரோஜா அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் உடலில் செடியின் நஞ்சு சேர்வதால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை ரோஜா அழகியைப்போலவே வேடம் பூண்டு தப்பிக்கிறது. எருக்கில் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் என்றாலும், எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு என்பதால் குழந்தைகள் விளையாடும் இடத்தில் அந்தச் செடியை வைக்கச் சொல்லமாட்டேன்.

தேனீக்களுக்கெனத் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. துளசிக் கதிர்களைக் கிள்ளாமல் விட்டாலே கொசுத்தேனீக்கள் வந்துவிடும். தக்காளி, கத்தரிப் பூக்களைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் நீலவரித் தேனீ மண்ணில் வளை தோண்டி வாழ்வது. முற்றம் முழுவதையும் சிமெண்ட் பூசி மூடிவிட்டால் அது எங்கே போகும்?

உண்ணிச்செடியை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். பூச்சிகள் அதை மொய்ப்பது உண்மை. ஆனால் அதன் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றன. முதுமலைக் காட்டில் அது புதராய்ப் பரவிப் புல்லையும் நாட்டுச் செடிகளையும் நெருக்குவதைப் பார்த்தவர்கள் வீட்டில் அதை வைக்கத் துணியமாட்டார்கள். அந்த இடத்தில் தும்பையை வளரவிடலாம்.