லிவியைத் திட்டுறதுக்கு முன்னாடி முன்னுரையாவது படிங்க

சனிக்கிழமை கூட்டத்துல, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ரோம் வரலாற்றை எழுதின லிவி பட்ட பாடு எல்லாரும் பார்த்ததுதான். பேசினவர் பேர் வேண்டாம். "ஓநாய்ப்பால் குடிச்ச புள்ளைங்க கதையை எழுதினவரெல்லாம் வரலாற்றாசிரியரா?"ன்னு கேட்டதும் கைதட்டல் வேற.

ஐயா, ரோமுலஸ்-ரீமஸ் இரட்டையரை ஓநாய் வளர்த்த கதை மாதிரி, ரோம் உருவாகுறதுக்கு முந்தின கதையெல்லாம் கவிஞர்களுக்குத்தான் பொருந்தும், அதை நான் உண்மைன்னு நிறுவவும் போறதில்ல, மறுக்கவும் போறதில்லைன்னு லிவியே முன்னுரையில எழுதிட்டார். ரெண்டு பக்கம். அதைப் படிக்க நேரமில்ல, மைக் பிடிக்க மட்டும் நேரமிருக்கு.

கிமு 197, ரோம் மாசிடோனியாவை ஜெயிச்ச கைனோஸ்கெஃபலே போர். செத்த மாசிடோனியர் 40,000ங்கிறார் லிவிக்கு முந்தின ரோம் வரலாற்றாசிரியர் வலேரியஸ் அன்டியாஸ். இன்னொரு பழைய வரலாற்றாசிரியர் கிளாடியஸ் கணக்கு 32,000. லிவி ரெண்டையும் சொல்லிட்டு, வலேரியஸ் எண்ணிக்கையை ஊதிப் பெருக்குறவர்னு குத்தியும் காட்டிட்டு, கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸோட 8,000ஐ எடுத்துக்கிறார். கதைவிடுறவன் பண்ற வேலையா இது?

பாலிபியஸோட கிரேக்க மொழியைச் சில இடத்துல தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரே? ஆமா. சரி, அடுத்தது.

"பேரரசர் அகஸ்டஸோட ஆள்". அப்படியா? அகஸ்டஸோட வளர்ப்புத் தகப்பன் ஜூலியஸ் சீசரை எதிர்த்த தளபதி பாம்பேயை அவ்வளவு புகழ்ந்ததால 'பாம்பே கட்சிக்காரர்'னு லிவியைக் கிண்டல் பண்ணினதே அகஸ்டஸ்தான். பின்னாடி வந்த ரோம் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வச்சிருக்கார்.

"போருக்குப் போகல, பதவியில இருக்கல". இதுதான் எனக்குச் சுருக்குன்னு தைக்குது. உட்கார்ந்து 142 சுருள் எழுதினார், இன்னிக்குக் கையில இருக்கறது 35. அது போதாதாம்! உண்மையான குத்தம் வேற. அவர் ரோம்காரர் இல்ல, வட இத்தாலியில இருக்கற பதுவைக்காரர். நம்ம அந்தோணியாரோட அதே பதுவை. அவர் எழுத்துல பதுவை வாடை அடிக்குதுன்னு ரோம் எழுத்தாளர் பொலியோ அன்னிக்கே நக்கலடிச்சார்.

எனக்கு இந்த நக்கல் நல்லாத் தெரியும். சென்னையில முதல் கட்டுரை வாசிச்சுட்டு இறங்கினப்ப ஒரு பெரியவர் தோள்ல தட்டி, "கட்டுரை பிரமாதம் தம்பி, மேடையில மட்டும் நாகர்கோவிலை மறந்துருங்க"ன்னார். பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கட்டுரையில என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேட்கல.

"உணர்ச்சிவசப்படுறே"ம்பீங்க. படுறேன். பட்டா என்ன?

ஸ்பெயின் கடைக்கோடி காதிஸ்ல இருந்து ஒருத்தர் லிவியைப் பார்க்கணும்னே ரோமுக்கு வந்தாராம். பார்த்ததும் அப்படியே ஊர் திரும்பிட்டார், நகரத்துல வேற எதையும் பார்க்கல. ரோம் எழுத்தாளர் இளைய பிளினி ஒரு கடிதத்துல சொல்றது. அந்த மனுஷன், நீங்க எந்தப் போர்ல இருந்தீங்கன்னு கேட்டதா தகவல் இல்ல.