கலரை எடுத்துட்டுப் பாருங்க

காமிக்ஸ் வில்லன்னு பேச்சு எடுத்தாலே யாரு பலசாலி, யாரு கொடூரன், யாரு யாரை அடிப்பான்னு போயிடும். எனக்கு அந்தச் சண்டையில பெரிய ஈடுபாடு கிடையாது. அவன் என்ன உடுத்தியிருக்கான், ஏன் அத உடுத்தியிருக்கான், இதைப் பத்தி விடிய விடிய பேசச் சொன்னாலும் பேசுவேன். நல்ல டிசைனா இல்லையான்னு பார்க்க நான் வச்சிருக்கிற சோதனை ஒண்ணுதான். கலரை மொத்தமா எடுத்துடுங்க. வெறும் கறுப்பு மசியும் பேப்பரும். அப்பவும் ஆள் யாருன்னு ஒரு நொடியில தெரியணும், அவன் தன்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டு இருக்கான்னும் தெரியணும். இந்த ரெண்டும் இருந்தா அது டிசைன், இல்லைன்னா அது வெறும் துணி.

இந்தச் சோதனை நான் எங்கயோ படிச்சுக் கத்துக்கிட்டது இல்ல. தமிழ்ல முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படிச்சு வளர்ந்த யாருக்கும் இது தானா வந்திருக்கும். அந்தப் பழுப்புத் தாள்ல கலருக்கு எங்க போறது, கோடுதான் எல்லாமே. அந்தக் கோட்டுலயே நம்மள மிரட்டினவன் இரும்புக்கை மாயாவி. இப்ப அவரை ஹீரோவாத்தான் எல்லாருக்கும் தெரியும், ஆனா 1962ல இங்கிலாந்துல வேலியண்ட் வாரப் பத்திரிகையில ஆரம்பிச்சப்போ லூயிஸ் கிராண்டெல் (மாயாவியோட நிஜப் பேர்) தப்பு வழியில போன ஆளு. வலது கை போய் இரும்புக் கை மாட்டினவன், கரண்ட் பாஞ்சா உடம்பு பூரா மறைஞ்சிடும், அந்தக் கை மட்டும் மறையாது. யோசிச்சுப் பாருங்க, ஒரு வில்லனுக்கு இதைவிடக் கம்மியா காஸ்ட்யூம் கொடுக்க முடியுமா? ஆளே இல்ல. துப்பாக்கியைப் பிடிச்சபடி ஒரு கை அந்தரத்துல வருது, அவ்வளவுதான். ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ அந்த விரல் மூட்டுகளையும் உலோகத்துல விழுற வெளிச்சத்தையும் வரைஞ்ச விதத்துல, அந்தக் கைக்கு ஒரு முகமே வந்திடும். கோபமா இருக்கா, தயங்குதா, பிடிக்கப் போகுதான்னு கையைப் பார்த்தே சொல்லிடலாம்.

அதே மாதிரிதான் ஸ்பைடர். மார்வெல் ஸ்பைடர்மேன் இல்லைங்க, நம்ம கூர்மண்டையர். 1965ல லயன் பத்திரிகையில (அவங்க ஊர் லயன்) டெட் கோவன் எழுத ஆரம்பிச்சு, அப்புறம் சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜெர்ரி சீகலே எழுதினார், படம் ரெஜ் பன். குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆகணும்னு கிளம்பினவன், போகப் போக மத்த வில்லன்களைப் பிடிக்கிறவனா மாறினான். கூரான காது, நெத்தியில கூரா இறங்குற முடி, மேல ஏறின புருவம், உடம்போட ஒட்டின கறுப்பு உடை. அந்த உருவத்துல ஒரு இடத்துலகூட வளைவு இல்ல, எல்லாமே முனை. நல்லவனா மாறின பிறகும் அந்த உருவத்தை மாத்தவே இல்ல பாருங்க, அதனாலதான் அவன் நல்லது செஞ்சாகூட நமக்கு முழுசா நம்பிக்கை வராது, அந்தச் சந்தேகம்தான் அந்தக் கதையோட ருசியே.

கலர் முக்கியமில்லைன்னு நான் சொல்லல. அமெரிக்க காமிக்ஸ்ல வில்லன்கள்ல பாதிப் பேர் ஏன் பச்சையும் ஊதாவுமா திரியுறாங்கன்னு பார்த்தா, அதுக்குக் காரணம் அச்சகத்துல இருக்கு. மட்டமான நியூஸ்பிரிண்ட்ல நீலம், மெஜந்தா, மஞ்சள் மூணையும் சில அளவுகள்ல கலந்து கிடைக்கிற கொஞ்சம் நிறங்களை வச்சுத்தான் பல வருஷம் ஓட்டினாங்க. அதுல பளிச்சுன்னு தெரியுற சிவப்பு, நீலம், மஞ்சளை ஹீரோக்கள் எடுத்துக்கிட்டாங்க, சூப்பர்மேன்ல இருந்து ஸ்பைடர்மேன் வரைக்கும். மிச்சம் இருந்த பச்சை, ஊதா, ஆரஞ்சு வில்லன் பக்கம் வந்துச்சு. ஜோக்கர், கிரீன் காப்ளின், லெக்ஸ் லூதர், மிஸ்டீரியோ எல்லாரும் அந்த மிச்சத்துல பொறந்தவங்கதான். ஒரே பக்கத்துல ஹீரோவும் வில்லனும் கட்டிப் புரண்டாலும் எது யாரு கால்னு குழப்பம் வராது. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் கதை புரியும். இது சாதாரண சாதனை இல்ல.

ஆனா கலரை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு பார்க்க ரிவர்ஸ்-ஃபிளாஷ் இருக்கான். ஃபிளாஷ்ங்கிற ஹீரோவோட காஸ்ட்யூமை அப்படியே எடுத்து சிவப்பை மஞ்சளாக்கி மஞ்சளைச் சிவப்பாக்கினாங்க, 1963ல. ஐடியாவா நல்ல ஐடியா, ஹீரோவைத் தலைகீழா பார்க்கிற வில்லன். கறுப்பு வெள்ளையில போட்டா ரெண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியாது. என் சோதனையில அவன் ஃபெயில்.

ஜோக்கர் பாஸ். 1940ல பேட்மேன் முதல் இதழ்லயே வந்துட்டான். பாப் கேன், பில் ஃபிங்கர், ஜெர்ரி ராபின்சன் மூணு பேர்ல யாரு முதல்ல யோசிச்சதுன்னு கடைசி வரைக்கும் ஒத்துப்போகல, ஆனா 1928ல வந்த ஒரு மௌனப் படத்துல கான்ராட் வைட் சிரிச்ச அந்தச் சிரிப்புதான் மூலம்ங்கிறதுல சந்தேகம் இல்ல. எனக்குப் பிடிச்சது சிரிப்பைவிட அந்தக் கோட்டு. நல்லா அளவெடுத்துத் தைச்ச கோட்டு, கழுத்துல டை, கையில கிளவுஸ். அவன் பார்வையில ஒவ்வொரு கொலையும் ஒரு விசேஷம், அதுக்கு உடுத்திக்கிட்டு வர்றான். அதனாலதான் ஒரு சினிமாவுல அவனுக்கு உடம்பு பூரா பச்சை குத்தி, நெத்தியில எழுத்து எழுதி, பல்லுல உலோகம் மாட்டினப்போ எனக்கு எரிச்சலா வந்துச்சு. நான் பைத்தியம்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிறவன் ஜோக்கர் இல்ல. சபையில நானே ஒழுங்கா உடுத்தின ஆள்னு நினைக்கிறவன்தான் ஜோக்கர்.

சரி, டாக்டர் டூமுக்கு வர்றேன். இவ்வளவு எழுதுறதே இவனுக்காகத்தான். 1962, ஃபென்டாஸ்டிக் ஃபோர்ங்கிற ஹீரோ கூட்டத்தோட காமிக்ஸ்ல 5வது இதழ், ஸ்டான் லீ எழுத, ஜாக் கிர்பி வரைஞ்சது. அதுக்கப்புறம் எத்தனையோ பேர் கை வச்சும் அடிப்படையை யாராலயும் மாத்த முடியல. இரும்பு முகமூடி, ஆணி அடிச்ச தகடு, வாய் இருக்கிற இடத்துல கம்பி போட்ட ஜன்னல் மாதிரி ஒரு வெட்டு, அதுக்கு மேல பச்சைத் துணி. இந்தத் துணிதான் விஷயம். இரும்பை மட்டும் போட்டிருந்தா இன்னொரு ரோபோ, துணியை மட்டும் போட்டிருந்தா இன்னொரு மந்திரவாதி. இவன் ரெண்டும். விஞ்ஞானி, கூடவே மந்திரம் தெரிஞ்சவன், லாட்வேரியாங்கிற நாட்டுக்கு ராஜா. தலைக்கு மேல முக்காடு, தோள்ல ரெண்டு தங்க வட்டம், இடுப்புல பெல்ட், துணிக்குள்ள இருந்து நீளுற இரும்புக் கை. சிம்மாசனத்துல சாய்ஞ்சு உட்கார்ந்து கையில கோப்பையைப் பிடிச்சா ராஜா, எழுந்து நின்னா மெஷின். ஒரே உடுப்புதான், எதையும் கழட்டல, மாட்டல.

அந்த முகமூடிக்குப் பின்னாடி இருக்கிற கதைதான் எனக்கு எல்லாத்தையும்விட மேல. 1964ல வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் 2வது ஆனுவல்ல (வருஷ மலர்) வருது. காலேஜ்ல செஞ்ச மெஷின் வெடிச்சு முகத்துல காயம், கணக்கு தப்பா இருக்குன்னு ரீட் ரிச்சர்ட்ஸ் (ஃபென்டாஸ்டிக் ஃபோர் தலைவன்) முன்னாடியே சொன்னான், இவன் கேட்கல. அப்புறம் திபெத்துக்குப் போய் அங்க இருக்கிற துறவிங்களை வச்சு கவசம் செய்யச் சொல்றான். முகமூடி இன்னும் முழுசா ஆறல. இவனுக்குப் பொறுக்கல, சூட்டோடயே முகத்துல வைக்கச் சொல்றான். பின்னாடி ஜான் பைர்ன் எழுதி வரைஞ்ச இதழ்ல இதை இன்னும் ஒரு படி மேல கொண்டுபோனார். வெடிச்சதுல வந்தது ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான், முகம் உண்மையில வெந்துபோனது அந்தச் சூடான முகமூடியாலதான். அதாவது அழகு கெட்டுப்போச்சேன்னு மறைக்கப் போட்ட பொருள்தான் அழகைக் கெடுத்துச்சு, கெடுத்தது தன் அவசரம், ஆனா பழியைத் தூக்கி ரீட் மேல போட்டாச்சு. ஒரு மனுஷனோட திமிர், வெட்கம், பொய் எல்லாத்தையும் ஒரு தகட்டுல அடிச்சு வச்சிருக்காங்க. இதுக்கு மேல ஒரு காஸ்ட்யூமுக்கு என்ன வேலை கொடுக்க முடியும் சொல்லுங்க?

அடுத்து ஸ்டீவ் டிட்கோ. ஸ்பைடர்மேனோட ஆரம்ப வருஷங்கள்ல இந்த மனுஷன் வரிசையா வல்ச்சர், டாக்டர் ஆக்டோபஸ், எலக்ட்ரோ, கிரீன் காப்ளின்னு போட்டுத் தள்ளினார், எல்லாம் 1963, 64குள்ள. அதுல என் செல்லம் மிஸ்டீரியோ, 1964, 13வது இதழ். தலை இருக்கிற இடத்துல வழவழன்னு ஒரு உருண்டை, கண்ணு கிடையாது, மூக்கு கிடையாது, வாய் கிடையாது. அவன் உள்ள இருந்து வெளிய பார்க்கலாம், நாம வெளிய இருந்து உள்ள பார்க்க முடியாது. பச்சை உடம்பு பூரா கட்டம் கட்டமா கோடு, தோள்ல மேலங்கியை மாட்டுற இடத்துல ரெண்டு கண்ணு, காலடியில இருந்து புகை. முகத்துல இல்லாத கண்ணைத் தோள்ல கொண்டுபோய் வச்சிருக்கார் பாருங்க, அந்த மூளைக்கே ஒரு கும்பிடு போடணும். முகபாவமே காட்ட முடியாத ஒரு ஆளை வச்சுக்கிட்டு எப்படிக் கதை சொல்றதுன்னு மத்தவங்க யோசிப்பாங்க, டிட்கோ அவன் விரல்களை நடிக்க வச்சார். விரிஞ்ச விரல், மடங்கின மணிக்கட்டு, மேடையில நிக்கிற வித்தைக்காரன் கை. அவன் தொழிலே ஹாலிவுட்ல ஸ்டண்ட்டும் ஸ்பெஷல் எஃபெக்டும்தான், அதனால அவன் உடம்பே ஒரு செட். பலம் கிடையாது, சக்தி கிடையாது, வெறும் ஏமாத்து வேலை, அத அந்த வெறுமையான தலை பார்த்த உடனே சொல்லிடுது.

ஸ்பைடர்மேனோட இன்னொரு எதிரி வெனமைப் பத்தி சுருக்கமா. இவன் கறுப்பு வெள்ளைக்குன்னே பொறந்தவன், கலரை எடுத்தாலும் இழக்க ஒண்ணுமே இல்ல. ஸ்பைடர்மேனுக்கு ஒரு கறுப்பு டிரஸ்ங்கிற ஐடியா 1982ல ராண்டி ஷூலர்ங்கிற ஒரு வாசகர் எழுதி அனுப்பினது, மார்வெல் அதை 220 டாலருக்கு வாங்கிச்சு. அப்புறம் மைக் ஸெக் கையில டிரஸ் ஆச்சு, 1988ல ஸ்பைடர்மேன் 300வது இதழ்ல டாட் மெக்ஃபார்லேன் அதுக்குப் பல்லு வச்சு வெனம் ஆக்கினார், நாக்கை நீட்டி எச்சில் ஒழுக விட்டது எரிக் லார்சன். இன்னிக்கு அந்த உருவத்தை வச்சு எத்தனை படம், எத்தனை பொம்மை, எத்தனை டீ-ஷர்ட். 220 டாலர். எனக்கு இத நினைச்சா மனசு ஆறாது.

பெண் வில்லன்கள் விஷயத்துல இண்டஸ்ட்ரி ரொம்ப காலமா சோம்பேறித்தனம்தான் பண்ணிச்சு, துணியைக் குறைச்சா டிசைன் ஆயிடும்னு நினைச்சுட்டாங்க. அத உடைச்சவர் டார்வின் குக். 2001ல கேட்வுமனைக் கையில எடுத்து, இவ திருடி, சுவர் ஏறுறவ, ராத்திரியில வேலை பார்க்கிறவ, அப்போ என்ன போடுவான்னு கேட்டார். தட்டையான பூட்ஸ், கறுப்பு லெதர், கண்ணுக்கு காகிள்ஸ், சின்னதா ரெண்டு காது. அவ்வளவுதான், அவளுக்கு மரியாதை வந்துச்சு. ஹார்லி குவின் கதை இதுக்கு நேர் எதிர். 1992 பேட்மேன் கார்ட்டூன்ல புரூஸ் டிம் போட்ட டிசைன், கழுத்துல இருந்து கால் வரைக்கும் மூடின சிவப்பு கறுப்பு கோமாளி உடை, சீட்டுக்கட்டு டைமண்ட், ரெண்டு குஞ்சலம், நாலு கோட்டுல வரைஞ்சிடலாம். அதுவே உலகம் பூரா பரவிச்சு. 2011ல அதைப் பிச்சு எறிஞ்சுட்டு அரைகுறையா ஒண்ணு மாட்டிவிட்டாங்க. என்ன லாபம்? அவ கோமாளியா இருந்தப்போ எந்தக் கூட்டத்துலயும் தனியா தெரிஞ்சா, அதுக்கப்புறம் கூட்டத்துல ஒருத்தி ஆயிட்டா.

சினிமாக்காரங்ககிட்டதான் எனக்குப் பெரிய வருத்தம். ரொம்ப நாளா அவங்களுக்கு இந்த உடுப்புங்களைப் பார்த்து ஒரு கூச்சம். 2000ல எக்ஸ்-மென்னுக்கு எல்லாம் கறுப்பு லெதர் மாட்டினாங்க, நல்லவேளை அவங்க எதிரி மேக்னீட்டோ ஹெல்மெட்டை மட்டும் விட்டு வச்சாங்க, அந்த ஹெல்மெட்டோட முன்பக்க வளைவு முகத்துல போடுற நிழல்தான் அந்த ஆளே. 2002 ஸ்பைடர்மேன் படத்துல வில்லெம் டஃபோ மாதிரி ஒரு முகத்தை, சும்மா நின்னாலே காப்ளின் மாதிரி இருக்கிற முகத்தை, அசையாத ஒரு ஹெல்மெட்டுக்குள்ள அடைச்சாங்க. 2021ல அவரே அதை அடிச்சு உடைச்சுட்டு முகத்தோட வந்தப்போ தியேட்டர்ல எழுந்து நிக்கணும்போல இருந்துச்சு. 2007ல கேலக்டஸை மேகமாக்கினாங்க. மேகம்! கிரகத்தை விழுங்குறவன், கிர்பி அவ்வளவு ஆசையா தலைக்கு ரெண்டு பக்கமும் கொம்பு வச்சு ஒரு கோபுரம் மாதிரி கட்டின ஆளு. 2025ல அந்தக் கொம்போடயே அவன் நகரத்துக்குள்ள நடந்து வந்தப்போ யாருக்கும் அது வேடிக்கையா தெரியல, பயமாத்தான் இருந்துச்சு. ஒரிஜினலை நம்பினா அதுவே வேலை செய்யும்.

இப்ப டூம் வரப்போறான். 2024 ஜூலையில சான் டியாகோ காமிக்-கான் மேடையில முகமூடியும் பச்சைத் துணியுமா ஒருத்தர் வந்து நின்னு, முகமூடியைக் கழட்டினா ராபர்ட் டௌனி ஜூனியர். கூட்டம் ஆர்ப்பரிச்சுது, நானும் வீடியோவுல பார்த்து சந்தோஷப்பட்டேன், ஆனா கழட்டின அந்த நொடியில வயித்துல ஒரு கலக்கம் வந்துச்சு. அவ்வளவு பெரிய ஸ்டார், உலகத்துக்கே தெரிஞ்ச முகம், அத மூடி வைக்க எந்தத் தயாரிப்பாளருக்கு மனசு வரும்? பாதிப் படம் முகமூடி இல்லாம ஓட்டிடுவாங்களோன்னு பயம். வேண்டாங்க. அவர் குரல் இருக்கு, அந்தத் தகட்டு ஓட்டை வழியா கண்ணு தெரியும், கை இருக்கு, நல்ல நடிகருக்கு இது போதும். டூம் மத்தவங்க முன்னாடி முகத்தைக் காட்ட மாட்டான், காட்டினா அவன் டூம் கிடையாது.