பூட்டில்லாத அலமாரிக்கு எதற்கு அட்வான்ஸ்?

கல்லூரி திறக்கிற, புது வேலைக்குச் சேர்கிற காலம் வந்தால் சென்னையில் தரமணி, வேளச்சேரி, பெருங்குடி பக்கம் தெருவுக்குத் தெரு பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் இறங்குவதைப் பார்க்கலாம். கூட வருகிற அப்பா அம்மா விடுதிக்காரரிடம் சாப்பாடு எப்படி, தண்ணீர் எப்போதும் வருமா, ராத்திரி கேட்டை எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள் என்று விசாரிப்பார்கள். எல்லாம் கேட்க வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அலமாரிக் கதவைத் திறந்து, கொண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிற பெற்றோர் மிகவும் குறைவு. ஒரு பிள்ளையின் லேப்டாப், போன், சான்றிதழ், சம்பளத்தில் வாங்கிய முதல் மோதிரம் எல்லாம் அந்தக் கொண்டியை நம்பித்தான் இருக்கப் போகிறது.

பல ஆண்டுகள் பெண்கள் விடுதிகளில் இருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். "பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியது உன் பொறுப்பு" என்று பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். மூன்று பேருக்கு ஒரு சாவி கொடுத்து, பூட்டவே முடியாத அலமாரியைக் கொடுத்து, இரண்டு மூன்று மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கி வைத்துக்கொள்கிறவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இது நியாயமே இல்லை.

ரிசப்ஷனில் ஒரு பலகை தொங்கும். "தங்கள் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." அதைப் பார்த்ததுமே முக்கால்வாசிப் பேர் சரி, போனது போனதுதான் என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பலகை மாட்டிவிட்டால் பொறுப்பு எல்லாம் கழன்றுவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவை என்று எதையெல்லாம் சொல்கிறதோ அதில் தங்கும் இடமும் உணவும் அடக்கம். பணம் வாங்கிக்கொண்டு அறை கொடுப்பவர் அந்தச் சேவையில் குறை வைத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கேள்வி கேட்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் கிடையாது. அதே 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல், விருந்தினர் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த கார் 1998-ல் திருடுபோனது. உரிமையாளர் பொறுப்பில்தான் கார் நிற்கிறது என்று சீட்டில் அச்சடித்திருந்தோம் என்றது ஹோட்டல். உங்கள் தரப்பில் கவனக்குறைவு இருக்கும்போது அந்த வாசகம் உங்களைக் காப்பாற்றாது என்றது நீதிமன்றம். கையில் ஒப்படைத்த காரும் நாமே பூட்டி வைத்திருக்கிற அறையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல, அது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டில் ஆள் இல்லை, கேமரா மாதக்கணக்கில் ஓடவில்லை, உடைந்த தாழ்ப்பாளைப் பற்றி எழுதிக் கொடுத்தும் சரிசெய்யவில்லை என்றால் அது கவனக்குறைவு இல்லாமல் வேறென்ன? அதனால்தான் சொல்கிறேன், தாழ்ப்பாள் சரியில்லை என்றால் வார்டன் அக்காவிடம் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். வாட்ஸப்பில் படத்தோடு அனுப்புங்கள். அந்த ஒரு செய்திதான் பின்னால் உங்கள் சாட்சி.

தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு என்றே 2014-ல் ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது, உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. ஆனால் 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதி அறைகளில் நடத்துபவரே மறைகேமரா வைத்திருந்தது வெளியே வந்த பிறகுதான் பதிவு செய், உரிமம் எடு என்று அதிகாரிகள் உண்மையிலேயே விரட்டினார்கள். உரிமம் இருக்கிறதா என்று கேட்டால் முறைக்கிற விடுதியில் சேராதீர்கள்.

சரி, பொருள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். சுவரேறிக் குதித்து நடக்கிற திருட்டை விட, திறந்த கதவு வழியாக நடக்கிற திருட்டுதான் அதிகம் என்பது என் அனுபவம். விடிகாலை ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் உள்ள நேரம்தான் மோசம். கோடையில் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குவோம், ஒருத்தி குளிக்கப் போயிருப்பாள், ஒருத்தி பால் வாங்கப் போயிருப்பாள், பிளக் பாயிண்டில் நாலு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். ரூம் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மாடி ஏறினால் யாரும் தடுக்க மாட்டார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில், அதாவது ஆண்கள் தங்கும் விடுதிகளில், இருந்த அண்ணன்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். தரைத்தளம் என்றால் ஜன்னல் பக்கம் போனையும் பர்ஸையும் வைக்கவே கூடாது, வெளியிலிருந்து குச்சி விட்டு இழுத்துவிடலாம்.

சாவி விஷயம்தான் எனக்கு மிகப் பெரிய தலைவலியாகத் தெரிகிறது. ஐ.டி.யில் ஒருத்தி இரவு ஷிஃப்ட், ஆஸ்பத்திரியில் ஒருத்தி காலை ஷிஃப்ட், இன்னொருத்தி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவள். சாவி ஒன்று. அப்போது என்ன நடக்கும்? செருப்பு ஸ்டாண்டில், ஷூவுக்குள், மீட்டர் பெட்டி மேல், கதவு நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவோம். அந்த மாடியில் இருக்கிற எல்லோருக்கும் அந்த இடம் தெரியும், தெருவில் அயர்ன் பண்ணுகிறவருக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு சாவி தராத அறைக்கு முழு வாடகை கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து. அப்புறம் இன்னொன்று. உங்களுக்கு முன்னால் அந்தக் கட்டிலில் இருந்தவர் காலி செய்தபோது சாவியின் நகலை ஒப்படைத்தாரா என்று யாருக்குத் தெரியும்? அதனால் விடுதி கொடுக்கிற பூட்டை அலமாரியில் போடாதீர்கள், சொந்தப் பூட்டு போடுங்கள்.

பூட்டு வாங்கும்போது எல்லோரும் பூட்டை மட்டும்தான் பார்க்கிறோம். எவ்வளவு கெட்டியான பூட்டாக இருந்தாலும் கொண்டியைப் பிடித்திருக்கிற திருகாணி வெளியே தெரிந்தால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், பூட்டைத் தொடாமலே கொண்டியோடு கழற்றிவிடலாம். பூட்டு போட்டபின் திருகாணி தலை மறைகிற மாதிரி கொண்டி இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்பக்கம் நட்டு போட்டு முடுக்கிய போல்ட்டாக இருக்க வேண்டும். பிளைவுட் கதவு என்றால் பின்பலகையையும் தட்டிப் பாருங்கள், ஆணி தெறித்து ஆடிக்கொண்டிருக்கும். இரும்பு பீரோ இல்லாத அறையில் பழைய தகரப் பெட்டிக்கு இணை எதுவும் இல்லை. அதைக் கட்டில் காலோடு ஒரு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அரசு மாணவர் விடுதிகளில் நான் பார்த்த அறைகள் சிலவற்றில் கட்டில்கூட இல்லை, பெட்டிதான் அந்தப் பிள்ளையின் மொத்த வீடு. 2025 ஜூலையில் அந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள், மகிழ்ச்சி. ஒவ்வொரு பிள்ளைக்கும் பூட்டுகிற மாதிரி ஒரு அலமாரியும் அந்தப் பெயருக்குள் வர வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அசல் சான்றிதழை விடுதியில் வைக்கவே வேண்டாம். கல்லூரிகளும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. சரிபார்த்ததும் வாங்கி ஊருக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள், அன்றாடத் தேவைக்குச் சான்றிதழ்களை மின்வடிவில் வைத்துக்கொள்கிற அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது. விடுதிக்காரர் ஆதார் நகல் கேட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள். தங்கம் பற்றி அம்மாக்களிடம் ஒரு வார்த்தை: ஆறு பேர் இருக்கிற அறைக்குப் பெண்ணை அனுப்பும்போது கழுத்தில் சங்கிலி இல்லாமல் அனுப்ப மனம் வராது, புரிகிறது. ஆனால் குளியலறை ஆணியில் கழற்றி மாட்டிய சங்கிலிக்குக் காவல் யார்? ஒரு சின்னத் தோடு போதும்.

போன் தனிக் கதை. போனை விட அதற்குள் இருக்கிற சிம்தான் ஆபத்து. ஸ்கிரீன் லாக் எவ்வளவு பலமாக இருந்தாலும் சிம்மை உருவி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. எல்லாம் அங்கே வரும், வங்கிக் கணக்கு வரைக்கும் போகலாம். போன் செட்டிங்ஸில் சிம் லாக் என்று ஒன்று இருக்கிறது, அதில் பின் நம்பர் போட்டுவிட்டால் வேறு போனில் அந்தச் சிம் பின் கேட்கும். மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு அதைத் திறக்க சிம் நிறுவனம் தருகிற பி.யு.கே. எண் வேண்டும், அதனால் உங்கள் நிறுவனத்தின் ஆரம்பப் பின் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பொறுமையாகச் செய்யுங்கள். *#06# அடித்து வருகிற ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் (அதுதான் உங்கள் போனின் அடையாள எண்) லேப்டாப் அடியில் இருக்கிற சீரியல் எண்ணையும் பில்லையும் படம் எடுத்து அம்மா போனுக்கு அனுப்பி வையுங்கள், இன்றைக்கே.

போய்விட்டால்? முதலில் சிம்மையும் வங்கிக் கணக்கையும் முடக்குங்கள். பிறகு காவல் நிலையம். நம் ஊரில் புகார் கொடுத்தால் முதலில் கையில் தருவது சி.எஸ்.ஆர். ரசீதுதான், புகார் வந்தது என்பதற்கு மட்டும் அது அத்தாட்சி, வழக்குப் பதிவு ஆகாது. அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். திருட்டு, காவல்துறை நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம். 2024 ஜூலை முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவில், மனிதர் குடியிருக்கிற கட்டடத்தில் நடக்கிற திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், நகல் இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். போன் என்றால், அதே எண்ணில் புது சிம் வாங்கிக்கொண்டு, புகார் நகலோடு காணாமல் போன போன்களை முடக்குகிற மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். இணையதளத்தில் முடக்கக் கோரலாம். 2023 மே முதல் இது நாடு முழுக்க இருக்கிறது, யாராவது அந்த போனில் வேறு சிம் போட்டால் தடம் கிடைக்கும், அப்படித் திரும்பக் கிடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

காவல் நிலையத்துக்குப் போங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு இந்தப் பதிவிலேயே மிக முக்கியமான பகுதி இதுதான்.

விடுதியில் ஒரு பொருள் காணாமல் போனதும் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? எல்லோர் கண்ணும் பெருக்கித் துடைக்க வருகிற அக்கா மேல் போகும். நான் இருந்த ஒரு விடுதியில் ஒரு மோதிரம் காணோம் என்றதும் வார்டன் அந்த அக்காவை ஹாலில் நிற்க வைத்து, சாப்பாட்டுக் கூடையைக் கொட்டச் சொன்னார். தூக்குவாளி, வெற்றிலைப் பை, மாத்திரை அட்டை, ஒரு மாற்றுப் புடவை. அவ்வளவுதான் இருந்தது. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை, வேறொருவர் வந்தார். அந்த மோதிரம் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்த நாளில் முப்பது பேருக்கு மேல் அந்த மாடியில் நடமாடியிருப்போம். எங்கள் யார் பையையும் யாரும் கொட்டச் சொல்லவில்லை.

அக்கா இல்லையென்றால் அடுத்தது அறையிலேயே வசதி குறைந்தவள், வடக்கிலிருந்து வந்த மெஸ் பையன், வார்டனுக்குப் பிடிக்காத ஒருத்தி. கல்லூரி விடுதிகளில் இது கைகலப்பாகவே மாறுகிறது. 2025 மார்ச்சில் கோவை அருகே ஒரு தனியார் கல்லூரி விடுதியில், பணம் திருடினான் என்ற சந்தேகத்தில் ஒரு மாணவரைச் சக மாணவர்கள் சேர்ந்து அடிக்கிற காணொளி வெளியாகி, 13 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். போனது பணம். அதற்காக ஒரு பிள்ளையைப் பத்துப் பேர் சூழ்ந்து நின்று அடிக்கலாமா? நாளைக்கே வேறொருவன் எடுத்தான் என்று தெரிந்தால் அந்த அடியை யார் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்?

ஒருவர் பையைச் சோதிக்க வார்டனுக்கும் உரிமை இல்லை, நமக்கும் இல்லை. அது காவல்துறையின் வேலை, அவர்களுக்கே அதற்கு முறை இருக்கிறது. "விடுதிப் பேர் கெட்டுவிடும், போலீஸ் வேண்டாம், நாமே பார்த்துக்கொள்ளலாம்" என்று நிர்வாகம் சொல்வது உங்கள் நன்மைக்காக அல்ல. உடைந்த தாழ்ப்பாளும் ஓடாத கேமராவும் எஃப்.ஐ.ஆரில் வந்துவிடுமே என்பதற்காக. அதை மறைக்கத்தான் அந்த அக்கா ஹாலில் நிற்க வேண்டியிருக்கிறது. கூடையைக் கொட்டச் சொல்கிற இடத்தில் நீங்கள் இருந்தால் தயவுசெய்து வாய் திறந்து, வேண்டாம், புகார் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். பொருளைப் பறிகொடுத்தவர் நீங்களாக இருந்தால் உங்கள் ஒரு வார்த்தைக்கு அங்கே எல்லோரும் அடங்குவார்கள்.

விடுதி நடத்துகிற நண்பர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், உங்களிடமும் நேராகவே கேட்கிறேன். கட்டிலுக்கு ஒரு இரும்பு அலமாரி, ஆளுக்கு ஒரு சாவி, ஆள் மாறும்போதெல்லாம் அறைப் பூட்டை மாற்றுவது, கேட்டில் வருகிறவர் பெயரும் நேரமும் எழுதுகிற ஒரு நோட்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாடி முழுக்கக் காலியாகிற நாட்களில் ஒரு காவலாளி. ஒரு கட்டிலுக்கு நீங்கள் வாங்குகிற அட்வான்ஸிலேயே இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். செய்துவிட்டு, அந்தப் பலகையையும் கழற்றிவிடுங்கள்.