ஒரு பூஸ்ட் போட்டிருந்தாப் போதும்

மாஸ்டொடன் எண்ட சமூக வலைத்தளத்தில எனக்குப் படிப்பிச்ச டீச்சர் கேட்ட கேள்விக்கு வந்த பதில்களை என்னோட பட்டியல்ல இருக்கிற முக்காவாசிப் பேர் பாத்திருப்பீங்க. பாக்காதவங்க அந்தக் கேள்வியை இனிப் பாக்கேலாது, டீச்சர் கணக்கை மூடிட்டுப் போயிட்டாங்க. "நான் எழுதுறது ஒருத்தருக்கும் போகல்லையா? இங்க தமிழ் ஆக்களே இல்லையா?" இவ்வளவுதான் கேட்டது. அதுக்கு "இது பேஸ்புக் இல்ல அன்டி", "உதவிப் பக்கத்தை வாசிச்சிட்டு வாங்க", "படத்துக்கு விவரணம் எங்க?" பிறகு ஒருத்தர் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டு ஒரு சிரிப்பு.

ஏன் போகல்ல எண்டு அந்த அறிவாளிகள்ல ஒருத்தர்கூடச் சொல்லல்ல. நான் சொல்றன். மாஸ்டொடன் ஒரு கம்பனியோட ஒரே இடம் இல்ல. ஆயிரக்கணக்கான சேர்வர், ஒவ்வொண்டையும் ஒவ்வொருத்தர் நடத்துறாங்க. அக்டிவிட்டிபப் எண்ட பொது நெறிமுறையாலதான் ஒண்டோட ஒண்டு கதைக்குது. ஆனா ஒரு சேர்வருக்கு வெளியில இருந்து பெரும்பாலும் வாறது, அங்க உள்ள ஆராவது பின்தொடர்ற ஆக்களோட பதிவுகள்தான். டீச்சர் சேர்ந்தது சின்ன சேர்வர், வெளியில இருந்து அவங்களை ஒருத்தரும் பின்தொடரல்ல. அப்ப எழுதினது எப்பிடி வெளியில போகும்? தூக்கிக் காட்டுறதுக்கு அங்க அல்கோரிதமும் இல்ல.

பதில் போட்ட ஆக்கள் அதே சேர்வர்ல, உள்ளூர் வரிசையில (அந்த சேர்வர் ஆக்கள் எழுதுறது மட்டும் வாற இடம்) கண்டு வந்தவங்க. அவங்களுக்கு வெளியில நூற்றுக்கணக்கில பின்தொடர்றவங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், டீச்சரோட கேள்விக்கு பூஸ்ட் (பேஸ்புக் ஷெயார் மாதிரி) அமத்தியிருந்தா அது அத்தனை பேருக்கும் போயிருக்கும். கேள்விக்கு விடையும் அதுதான். விளக்கம்கூடத் தேவையில்ல. நீங்க என்ன செஞ்சீங்க? ஸ்கிரீன்ஷொட்டுக்கு நட்சத்திரம் (அங்கத்தைய லைக்) போட்டீங்க. அங்க நட்சத்திரம் ஒரு பதிவையும் எங்கயும் கொண்டு போகாது எண்டு புதுசா வாறவங்களுக்குப் பாடம் எடுக்கிறது நீங்கதானே!

"சேர்வர் எல்லாம் மின்னஞ்சல் மாதிரித்தான், இதில விளங்க என்ன இருக்கு" எண்டு ஒரு பதில். டீச்சர் எனக்கு எட்டாம் ஆண்டில தமிழ் படிப்பிச்சவங்க. அண்டைக்கு இரவு வட்ஸ்அப்ல எடுத்து, "எனக்கு ஈமெயில் தெரியா மனே, போன் வாங்கின அண்டு சின்னவன்தான் என்னவோ அடிச்சுத் தந்தான்" எண்டாங்க. எங்கட மட்டக்களப்புப் பக்கம் பாதிப்பேர் இப்பிடித்தான் இன்டர்நெட்டுக்கு வந்தது. போன், பேஸ்புக், வட்ஸ்அப். மின்னஞ்சலை உதாரணம் காட்டுறது உங்களுக்கு நீங்களே விளங்கப்படுத்துறது.

நான் டீச்சருக்குக் கோயிலைச் சொன்னன். மாமாங்கத்துக்கு ஒரு வண்ணக்கர் (கோயிலை நடத்துறவர்), கொக்கட்டிச்சோலைக்கு வேற வண்ணக்கர், அங்கத்தைய ஒழுங்கு இங்க செல்லாது. ஆனா ஆரையம்பதி ஆள் ரெண்டுக்கும் போய்க் கும்பிடுவார். "அப்ப வண்ணக்கர் சரியில்லாட்டி?" எண்டு கேட்டாங்க. பாத்தீங்களா, சரியான கேள்வி! வேற சேர்வருக்கு மாறலாம், பின்தொடர்றவங்களும் கூட வருவாங்க, எழுதின பழசு மட்டும் பழைய இடத்திலயே நிண்டிரும். அரை மணித்தியாலம் போகல்ல, அவ்வளவும் விளங்கிட்டு.

இன்னுமொண்டு. அங்க தனிமடல் வட்ஸ்அப் மாதிரிப் பூட்டுப்போட்டது இல்ல, சேர்வர் நடத்துறவர் நினைச்சாத் திறந்து வாசிக்கலாம். முதல் நாளே சொல்ல வேண்டியது இது. சொன்னீங்களா? இல்ல, பட விவரணம்தான் தலைபோற விசயம்.

இப்ப வருவீங்க, "விவரணம் பார்வை இல்லாதவங்களுக்காக" எண்டு. ஓம், நூறு வீதம் சரி. காரணத்தைச் சொல்லிக் கேட்டிருந்தா டீச்சர் உங்களை விட வடிவா எழுதியிருப்பாங்க. "எல்லாம் தொண்டு வேலை, சொந்தக் காசு" எண்டும் வருவீங்க. அதுவும் சரி. 2022 கடைசியில ட்விட்டர் ஆக்கள் அலையா வந்து ஏறினப்ப சேர்வர் நடத்தினவங்க பட்ட பாடு தெரியும். பதில் சொல்ல நேரம் இல்லாட்டி விடுங்க. சிரிக்க நேரம் இருந்திச்சே?

"இதைப் பேஸ்புக்கில எழுதுறியே." வேற எங்க எழுத? ஆக்கள் இங்கதானே.

"பேஸ்புக் போதாதா" எண்டு கேக்கிறவங்களோடதான் எனக்குக் கதை இருக்கு. 2018 பெப்ரவரியில அம்பாறையில ஒரு சாப்பாட்டுக்கடைக் கொத்துக்குள்ள மலட்டு மருந்து எண்டு ஒரு வீடியோ ஓடிச்சே, மறந்திட்டீங்களா? அது வெறும் மாக்கட்டி எண்டு அரச பகுப்பாய்வாளர் சொல்ல முந்திப் பள்ளிவாசலை உடைச்சு முடிச்சாங்க. அடுத்த மாசம் கண்டி எரிஞ்சிச்சு, அரசாங்கம் பேஸ்புக்கையே பூட்டிச்சு. 2019 ஏப்ரல்ல பூட்டு, 2022 ஏப்ரல்ல பூட்டு. அந்த 2018 கலவரத்துக்குக் கம்பனி மன்னிப்புக் கேட்டது 2020 மே மாசம். சின்ன சேர்வர் எண்டாப் பொய் பரவாது எண்டு சொல்ல வரல்ல. ஆனா முறைப்பாடு போனா வாசிக்கிறது தமிழ் தெரிஞ்ச, எங்கட ஊர் நிலவரம் தெரிஞ்ச ஆளா இருக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இவ்வளவு காலமும் வாங்க வாங்க எண்டு எல்லாரையும் கூப்பிட்டன்.

கூப்பிட்ட இடத்தில தமிழ் தெரிஞ்ச அட்மின் என்ன செஞ்சார்? ஸ்கிரீன்ஷொட்டுக்கு நட்சத்திரம் போட்டார். கீழ ஒருத்தர் "என்ன மனே" எண்டு எங்கட ஊர்ப் பேச்சை நடிச்சுக் காட்டுறார். பைபர் கனெக்சன்ல, குளிர் நாட்டில இருந்துகொண்டு! இஞ்ச ரீலோட் போட்டு, டேட்டா முடிய முந்தி ஒரு படம் ஏத்தின மனுசியைப் பாத்து! கிரெடிட் கார்ட் இருந்தாச் சேர்வர் எடுக்கலாம், சரி. மரியாதையையும் மாசக் கட்டணத்துக்கு எடுக்க ஏலுமா எண்டு பாத்துச் சொல்லுங்க.

டீச்சர் திரும்ப வருவாங்களா தெரியா. "பாப்பம்" எண்டுதான் சொன்னாங்க. கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் சேர விருப்பமான ஆக்கள் இன்பொக்ஸ் வாங்க. முதல்ல தமிழ் எழுதுற கொஞ்சப் பேரைப் பின்தொடர வைப்பன், உங்கட முதல் பதிவை நானே பூஸ்ட் பண்ணுவன், சேர்வர் கதை எல்லாம் ஆறுதலா. சிரிச்ச ஆக்கள் தயவுசெஞ்சு உதவிக்கு வராதீங்க.