ஆபரேஷன் தேதிக்கு முந்தைய வாரங்கள்

புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆறாமல் போனால், நம் ஊரில் பழி உடனே இரண்டு பேர் மீது விழும்: தையல் போட்ட டாக்டர், கட்டு மாற்றிய நர்ஸ். மதுரையில் அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பழியில் என் பங்கையும் வாங்கியிருக்கிறேன். சில நேரம் அது நியாயமாகவும் இருக்கும். ஆனால் கட்டு மாற்றும் அறையில் நான் பார்த்த ஆறாத புண்களில் பலவற்றுக்கு, கத்தி படுவதற்கு வாரக்கணக்கில் முன்பே அடித்தளம் போடப்பட்டிருந்தது என்பது என் கருத்து. ஸ்கேன் முடிவுக்கும் காப்பீட்டு ஒப்புதலுக்கும் ஆபரேஷன் தியேட்டர் தேதிக்கும் காத்திருக்கும் அந்த வாரங்களை நோயாளியும் வீட்டாரும் வெறுமனே கழிக்கிறார்கள். மருத்துவமனைகளும் கழிக்க விடுகின்றன.

முதலில் கதிர்வீச்சைப் பற்றி. நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் இந்தச் சிகிச்சை புற்றுநோய்ச் செல்களோடு நின்றுவிடுவதில்லை. அந்த இடத்திலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரும், புண்ணை மூடும் நார்த்திசுவை உண்டாக்கும் செல்களும் சேர்ந்தே அடிபடுகின்றன. மேல்தோல் சில வாரங்களில் தேறிவிட்டதுபோல் தெரியும். உள்ளே குழாய்கள் தடித்துச் சுருங்குவது மாதங்களாக, ஆண்டுகளாகத் தொடரும். மேலூர்ப் பக்கத்துக் கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணை நிறைந்திருந்தாலும் வாய்க்கால் தூர்ந்துபோனால் அவர் வயலுக்குத் தண்ணீர் வந்து சேராது. அப்படிப்பட்ட திசுவில்தான் அறுவை மருத்துவர் வெட்டித் தைக்க வேண்டியிருக்கிறது.

இதனால் வரும் வேறுபாட்டை, கனடாவில் நடந்து 2002ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டியது. கை, கால்களில் வரும் சார்கோமா என்ற சதைப் புற்றுநோய்க்கு, அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்குப் புண் சிக்கல் வந்தது. அறுவைக்குப் பின் பெற்றவர்களில் அது 17 சதவீதம்தான். பிறகு ஏன் இன்றும் முன்கூட்டியே கொடுக்கிறார்கள் என்று கேட்கலாம். முன்னால் கொடுத்தால் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) போதும், பின்னால் என்றால் 66 கிரே வரை போக வேண்டும், கதிர் படும் பரப்பும் கூடும். அளவும் பரப்பும் கூடினால் பிற்காலத்தில் தசை இறுகி, மூட்டு மடங்காமல், கால் வீங்கியே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். புண் சிக்கலைப் பெரும்பாலும் சில மாதங்களில் சரிசெய்துவிடலாம், இறுகிய காலைத் திருப்ப முடியாது என்று கணக்குப் பார்த்துத்தான் மருத்துவர்கள் அந்த முடிவை எடுக்கிறார்கள். முன்கதிர்வீச்சு முடிந்து சார்கோமாவுக்கு 4 முதல் 6 வாரமும், மலக்குடல் புற்றுநோயில் நீண்ட காலக் கதிர்வீச்சு என்றால் அதைவிடக் கூடுதலாகவும் இடைவெளி விடுவது வழக்கம். கதிர்வீச்சால் வந்த அழற்சி தணிய விடப்படும் அந்த இடைவெளிதான் உடம்பைத் தேற்றிக்கொள்ளக் கிடைக்கும் காலம்.

தேற்றுவது என்றால் முதலில் சாப்பாடு. இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் பத்தியம் தொடங்கிவிடும். பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டை சூடு, மீன் ஆகாது, கறி கூடவே கூடாது. மிஞ்சுவது ரசம் சாதம், இட்லி, கஞ்சி. அத்தனையும் பாசத்தினால் செய்வது. ஆனால் புண் மூடுவதற்கு உடம்பு தேடும் புரதத்தை அந்தப் பாசமே பறித்துவிடுகிறது. புற்றுநோயாளி ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 90 கிராம் வரை வரும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம் அளவு என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அயிரை மீன் குழம்பும் நாட்டுக்கோழியும் பெயர் பெற்ற இந்த ஊரில், அவை மிகவும் தேவைப்படும் ஒருவருடைய தட்டில் மட்டும் வெறும் ரசம் இருப்பதைப் பார்க்கச் சகிக்காது. சைவ வீடு என்றால் பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், நிலக்கடலை, தயிர், பால் இருக்கின்றன. வாய்ப்புண்ணால் விழுங்க முடியாதவருக்கு இவற்றையே அரைத்துக் கூழாக்கிக் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊட்டம் மிகவும் குறைந்தவர்களுக்கு, அறுவையைத் தள்ளிவைக்க நேர்ந்தாலும் 7 முதல் 14 நாட்கள் ஊட்டச் சிகிச்சை கொடுத்துவிட்டே போக வேண்டும் என்று ஐரோப்பிய ஊட்ட மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. எடை குறைந்துகொண்டே போவதை யாராவது ஒருவர் எழுதி வைத்தால்தானே அந்தப் பேச்சே எழும்!

அடுத்தது புகையிலை. சோழவந்தான் வெற்றிலையைக் குறை சொல்வது என் நோக்கமன்று; அதற்குள் வைத்து மடிக்கும் பாக்கும் புகையிலையும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக அளவில் வகைப்படுத்தப்பட்டவை. வாய்ப் புற்றுநோய் வந்த பிறகும் பீடியை மட்டும் விட்டுவிட்டு, ‘போயிலையை அடக்கிக்கொள்வது’ தொடர்பவர்கள் இருக்கிறார்கள். நிக்கோட்டின் எந்த வழியில் வந்தாலும் நுண்குழாய்களைச் சுருக்கும். புகையாக வந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே கதிர்வீச்சால் குழாய்கள் சுருங்கிய இடத்தில் இது என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தினால் புண் சிக்கல் குறைகிறது. அந்த உதவிக்கான 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. படிப்பவர்தான் இல்லை.

சர்க்கரையைப் பற்றி நம் மக்களுக்கு ஓரளவு தெரியும். தெரியாதது, கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசி அதை ஏற்றிவிடும் என்பது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘மூன்று மாதச் சர்க்கரை’ (HbA1c) சோதனையைத் தியேட்டருக்குப் போகும் வாரத்தில் எடுத்து என்ன பயன்? நோய் உறுதியான அன்றே எடுக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுப்பவரிடம், கரண்ட் வைக்கப் போகிறோம், ஆபரேஷன் இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.

கதிர்வீச்சு நடக்கும் நாட்களில் தோலைக் காப்பது பெரிய வித்தையன்று. மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். தளர்ந்த பருத்தி ஆடை அணிய வேண்டும். அந்த இடத்தில் பிளேடு படக் கூடாது. உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வாரத்துக்கு ஐந்து நாள் பஸ்ஸில் வந்து போகும் கழுத்துப் புற்றுநோயாளிகள், சித்திரை வெயிலில் கழுத்தை மெல்லிய துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும். (அழகரைப் பார்க்க ஆற்றுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்த பெரியவர் ஒருவரைத் தொலைக்காட்சிக்கு முன் உட்கார வைக்க வார்டு முழுவதும் பாடுபட்டது நினைவுக்கு வருகிறது.) மஞ்சள் பத்து, விபூதி, வேப்பெண்ணெய் எதையும் கேட்காமல் தடவக் கூடாது. இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது உப்பு ஒத்தடம். வேறு இடத்துத் தசையை எடுத்து ஒட்டிய பகுதியிலும், நரம்பு அறுபட்ட பகுதியிலும் சூடு உறைக்காது. சுடுவது தெரியாமலேயே தோல் வெந்துவிடும்.

மருத்துவமனையின் பொறுப்பும் குறைந்ததன்று. அறுவைக்கு முன் முடியை எடுக்காமல் விடுவதே நல்லது, எடுத்தே ஆக வேண்டுமானால் கிளிப்பர்தான், சவரக்கத்தி கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. கதிர்வீச்சு பட்ட இடத்தை இழுத்துத் தைப்பதற்குப் பதில், கதிர் படாத மார்பிலிருந்தோ தொடையிலிருந்தோ இரத்த ஓட்டமுள்ள தசையைக் கொண்டுவந்து மூடுவது பல நேரங்களில் புண்ணைக் காப்பாற்றும். அது வேண்டுமா என்று முன்பே பேசி முடிவெடுக்கப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரும் கலந்தாய்வில் இருக்க வேண்டும். புண் பிரிந்த பிறகு அவரைக் கூப்பிடுவது காலம் கடந்த செயல். வாய், தொண்டைப் புற்றுநோயில் அறுவைக்குப் பிந்தைய கதிர்வீச்சை 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். புண் ஆறாவிட்டால் அது தள்ளிப்போகும், தள்ளிப்போனால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடும். ஆகவே புண்ணைப் பார்ப்பது புற்றுநோயைப் பார்ப்பதிலிருந்து தனி வேலையன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இடம் இருக்கிறது. அவற்றுக்கு முந்தைய வாரங்களில் உணவு ஆலோசகர், புகையிலை நிறுத்த ஆலோசகர், பல் மருத்துவர் மூவரையும் பார்த்ததாக ஒரு தாளில் கையெழுத்து வாங்காமல் தியேட்டர் தேதி தரப்படாது என்ற ஏற்பாடு வேண்டும் என்பது என் கோரிக்கை.

பல் மருத்துவரைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. தாடையில் கதிர் படப்போகும் நோயாளியின் சொத்தைப் பற்களைக் கதிர்வீச்சுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எடுத்து, ஈறு ஆறிவிட வேண்டும். கதிர்வீச்சு முடிந்து ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்துப் பல் பிடுங்கினாலும் அந்தக் குழி மூடாமல் தாடை எலும்பே செத்துப்போக இடமுண்டு. நோய் குணமான மகிழ்ச்சியில் எல்லோரும் அதை மறந்திருப்பார்கள். உள்ளூர்ப் பல் மருத்துவருக்கோ தெரிய வழியே இருக்காது. எனவே எந்தப் பக்கத் தாடைக்கு, எத்தனை கிரே, எந்த ஆண்டு கொடுக்கப்பட்டது என்பதைத் தமிழில் ஒரு சிறிய அட்டையில் எழுதி, டிஸ்சார்ஜ் அன்றே நோயாளியின் கையில் கொடுத்துவிட வேண்டும்.