கேள்வி கேட்டவரை வெளியே போட்டுவிட்டு இனி யாரிடம் உதவி கேட்கப் போகிறோம்?

சனிக்கிழமை இரவு எங்கள் ஊர் உதவி அமைப்பின் வட்ஸ்அப் குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் உள்பெட்டியில் வந்து கேட்காதீங்கோ, ஸ்கிரீன்ஷொட் போடமாட்டேன். வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு உதவுகிற ஒரு அக்கா கேட்டது இவ்வளவுதான்: "முன்பள்ளித் தோட்டத்துக்குத் தந்த மோட்டர் இப்ப ஓடுதோ? ஏலுமெண்டால் ஒரு படம் போடுங்கோ." அதற்கு நிர்வாகத்திடமிருந்து வந்த பதில்: "எங்களில் நம்பிக்கை இல்லையெண்டால் இனி அனுப்பாதேங்கோ." கொஞ்ச நேரத்தில் ஆளையே குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கும் சிலர் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள்.

யாராவது ஒருவர் அவருக்கு ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்பார்கள் என்று பொறுத்துப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கணக்குக் கேட்கிறவர் எங்களுக்கு எதிரி இல்லை. வருடக்கணக்காக மாதம் 5000 ரூபா அனுப்பிக்கொண்டிருந்த மனுசி அவர். அவருக்குத் தன்ர காசைப்பற்றிக் கேட்க உரிமை இருக்கிறது.

மோட்டருக்கு என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். கரண்ட் ஏறி இறங்கி எரிந்துபோனது. கழற்றி, முன்பள்ளிக் குசினி மூலையில் உரப்பையால் மூடி வைத்திருக்கிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் தாய்மார்தான் வாளியால் அள்ளி ஊற்றுகிறார்கள். யாரும் களவெடுக்கவில்லை, யாரும் விற்கவில்லை. "அக்கா, மோட்டர் எரிஞ்சு போச்சு, திருத்தக் காசு பார்க்கிறம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். திருத்துகிற செலவையும் அவரே தந்திருப்பார் என்றுகூட நினைக்கிறேன். இப்போது மோட்டரும் இல்லை, அக்காவும் இல்லை.

உடனே சொல்வார்கள், "நாங்கள் சம்பளத்துக்கு வேலை செய்யிறாக்கள் இல்லை, எல்லாரும் தொண்டர்கள், ரிப்போர்ட் எழுத நேரம் எங்க இருக்கு" என்று. இதை நான் மதிக்கிறேன். நானும் பின்னேர வகுப்பு முடித்துத்தான் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுகிறேன். ஆனால் இருபது பக்க அறிக்கையை யார் கேட்டார்கள்? மாதம் ஒருக்கா ஒரு குரல்பதிவு போதும். வந்த காசு இவ்வளவு, செலவு இவ்வளவு, இந்தப் பிள்ளை வகுப்புக்கு வருவதில்லை, மழைக்குக் கூரை ஒழுகுது. அவ்வளவுதான். புத்தகப்பை கொடுக்கிற அன்றைக்குப் பதாகை அடிக்க, விருந்தினருக்கு மாலை கட்ட, படம் எடுக்க எல்லாம் நேரம் இருக்கிறதே. அந்த நேரத்தில் கால்வாசி போதும்.

இன்னொன்றும் சொல்வார்கள், கெட்ட செய்தி சொன்னால் உதவி செய்கிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று. இது பச்சைப் பொய். எங்கள் வகுப்பில் படித்த ஒரு பெடியன், உயர்தரம் எழுதாமல் இடையில் விட்டுவிட்டு மேசன் வேலைக்குப் போய்விட்டான். அவனுக்குப் படிப்புக் காசு தந்தவர் சுவிஸில் இருக்கிற ஒரு அண்ணை. சொல்ல வேண்டாம், அந்தக் காசை வேறு பிள்ளைக்கு மாற்றிவிடுவம் என்று எனக்குச் சொன்னார்கள். நான் அந்த அண்ணைக்கு உண்மையைச் சொன்னேன். அவர் அன்றைக்கே ஃபோன் எடுத்தார். முதலில் கேட்டது, "பெடியன் சாப்பிடுறானோ?" பிறகுதான் படிப்பைப்பற்றிக் கதைத்தார். தகப்பன் இல்லாத வீடு, தாய்க்குக் கடன், அதுதான் போனான் என்று விளக்கினேன். கடைசியில் அந்தப் பெடியன் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து படித்தான். அந்த அண்ணை இன்றைக்கும் எங்களோடு நிற்கிறார். நான் மறைத்திருந்தால் நிற்பாரா?

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது எத்தனை பேர் காசு அனுப்பினார்கள். பாய், பால்மா, உடுப்பு, உலர் உணவு என்று வந்து குவிந்தது. தண்ணி வற்றின பிறகு, ஜனவரியில், அவர்களுக்கு யார் எழுதினது? ஒருவரும் இல்லை. அடுத்த ஆபத்து வந்தபோதுதான் அவர்களுடைய நம்பரைத் தேடினோம். 2022இலும் அதுதான். டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்தில் 360 ரூபா வரைக்கும் போனது. வெளியில் இருக்கிறவர்கள் தங்கள் காசு இங்கே பெருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே கொப்பியும் மண்ணெண்ணெயும் பஸ் காசும் அதைவிட வேகமாக ஏறி, அதே காசில் முந்தினதைவிடக் குறைவாகத்தான் வாங்க முடிந்தது. இதை யாராவது அவர்களுக்கு விளங்கப்படுத்தினோமா? தெரியாத மனிதர் எப்படித் தொடர்ந்து உதவுவார்? பணம் தேவைப்படும்போது மட்டும் "அன்பு உறவுகளே" என்று தொடங்கினால் எந்த உறவு நிலைக்கும்?

ஊர்க் கோயிலைப் பாருங்கோ. திருவிழா முடிந்தால் வரவு செலவைச் சுவரில் ஒட்டுகிறார்கள். தேங்காய்க்கு எவ்வளவு, மேளகாரருக்கு எவ்வளவு, எந்த உபயகாரர் இன்னும் காசு கட்டவில்லை, எல்லாம் இருக்கும். அதை வாசித்துவிட்டு அடுத்த வருசமும் சனம் உபயம் செய்யுது. கணக்கு ஒட்டியதால் எந்தக் கோயிலும் இடிந்து விழவில்லை.

"வெளிநாட்டில இருக்கிறவை அங்க இருந்துகொண்டு எங்களை ஆட்டுவிக்கப் பாக்கினம்" என்பார்கள். அப்படியும் சிலர் இருக்கிறார்கள்தான். இந்த அக்கா அந்த ஆள் இல்லை. அவ்வளவுதான் இதற்கு என் பதில்.

வீட்டு விஷயத்தை ஏன் முகநூலில் எழுதுகிறாய் என்று கேட்கப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன். கூட்டத்தில் கேட்டேன். "பிறகு கதைப்பம்" என்றார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை.

ஒரு காலத்தில் ஏ9 வீதி நெடுக உதவி நிறுவனங்களின் பலகைகள்தான். போர் முடிந்து மீள்குடியேறி வந்த நேரம், தரப்பாள் கொட்டிலுக்குள் நாங்கள் இருந்தபோது, வாரம் ஒரு வாகனம் வரும். இலங்கை நடுத்தர வருமான நாடு என்ற கணக்குக்குள் போன பிறகு பெரிய நிறுவனங்கள் பல வேறு நாடுகளுக்குப் போய்விட்டன. இன்றைக்கு வன்னியில் ஒரு பின்னேர வகுப்பு நடக்கிறதென்றால், முன்பள்ளி ஆசிரியைக்கு ஒரு சின்னக் கொடுப்பனவு கிடைக்கிறதென்றால், அதில் ஒரு பெரிய பங்கு இப்படி மாதம் மாதம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிற மனிதர்களால்தான். அவர்களை இழந்தால் எங்களுக்கு வேறு யாருமில்லை. அதைத் தெரிந்துகொண்டும் ஒருவரைத் தூக்கி எறிந்திருக்கிறோம்.

காசு தருகிறவர்களைப்பற்றி மட்டும் நான் கதைக்கவில்லை. சொல்லவேண்டியது அவர்களுக்கு மட்டுமா? அந்தக் கொட்டில் நாட்களில் வந்தவர்கள் எங்களிடம் வாங்காத விவரம் இல்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை பேர் இல்லை, பிறகு கையெழுத்து. ஒரு நீட்டுத் தாள், பச்சை நிறக் கிளிப் பலகையில். அம்மா அந்த "எத்தனை பேர் இல்லை" என்ற இடத்தில் பேனையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தா. அந்தத் தாள் எங்கே போனது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்று இன்றுவரை யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. எங்களைக் கேட்டார்கள், எங்களுக்குச் சொல்லவில்லை.

2008 செப்டம்பரில், போர் நெருங்கி வந்த நேரம், அரசாங்கம் உத்தரவு போட்டு ஐக்கிய நாடுகள் ஆட்களையும் சர்வதேச நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னபோது, கிளிநொச்சியில் சனம் அவர்களுடைய அலுவலகத்துக்கு முன்னால் போய் நின்று போகவேண்டாம் என்று கெஞ்சினது. அவர்கள் போனார்கள். பிறகு என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். உதவிக்கு நின்றவர்கள் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எங்களுக்குத் தெரியவேண்டும். அந்தச் சனத்தின் பிள்ளைகள் நாங்கள், தானாக வந்து நின்ற ஒரு மனுசியை "போ" என்று சொல்லியிருக்கிறோம். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

எங்கள் ஊர்த் தாய்மாருக்கும் மோட்டருக்குக் காசு தந்தது யார் என்று தெரியாது. எவ்வளவு காசு என்றும் தெரியாது. கேட்டால் "அது நிர்வாகம் பார்க்கும்" என்பார்கள். வாளி தூக்குகிறது அவர்கள், படத்தில் நிற்பதும் அவர்கள், கணக்கு மட்டும் அவர்களுக்கில்லையா?

ஆகவே நிர்வாகத்தில் இருக்கிற அண்ணைமாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தாய்மாரைக் கூப்பிடுங்கோ. மாலை கட்டவும் தேத்தண்ணி ஊற்றவும் இல்லை, முன்வரிசையில் இருந்து கணக்கறிக்கை கேட்க, கேள்வி கேட்க. வெளியில் இருக்கிறவர்களையும் வீடியோவில் எடுங்கோ, இரண்டு பக்கமும் நேரே கதைக்கட்டும். கூட்டத்தைக் காலமை வைக்கவேண்டாம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வையுங்கோ, கச்சான் தோட்டத்துக்குக் கூலிக்குப் போற தாய்மார் அப்பதான் வீட்டுக்கு வருவினம்.