லாரி மெதுவாக முந்துவது வீம்புக்கா?

‘லாரிக்காரர்கள் வேண்டுமென்றேதான் வலது லேனை அடைக்கிறார்கள், ஆக்சிலரேட்டரை மிதித்தால் நொடியில் முந்திவிடலாம்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

நான்கு வழிச்சாலையில் காருக்கு உச்ச வேகம் 100 கி.மீ. சரக்கு லாரிக்கு 80தான். லாரியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கும். 80-ஐத் தொட்டதும் எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஏறாது. முன்னால் 77-இல் ஒரு லாரி போகிறது என்று வையுங்கள். இரண்டின் நீளம், முன்பின் இடைவெளி எல்லாம் சேர்த்து 80 மீட்டராவது கூடுதலாக ஓடினால்தான் பத்திரமாக முந்த முடியும். 3 கி.மீ. வேக வித்தியாசத்தில் அதற்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சாலையில் 2 கி.மீ. கடந்திருக்கும். லோடு ஏற்றிய வண்டி என்றால் சின்ன மேடு வந்தாலே வேகம் இன்னும் இறங்கும்.

முந்தாமலே வலது லேனில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு, அது தப்புதான். ஆனால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லோடு லாரி கியரைக் குறைத்து ஊர்ந்தால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான். அங்கே ஹாரன் அடித்து விரட்டாதீர்கள். முந்திய கையோடு அதன் முன்னால் சட்டென்று நுழைந்து பிரேக் போடாதீர்கள். அத்தனை டன் எடை கார் நிற்கிற தூரத்தில் நிற்காது.